பதற்றம் முந்தி, செய்தி பிந்தி

2016 டிசம்பர் 5, திங்கட்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். ஆண்டிபட்டியில் அப்பாவின் பலசரக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே டீக்கடை டிவியில், முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார் என்று எழுத்து ஓடியது. யாரோ பெருங்குரலில் அழுதார். அப்பா ஒன்றும் பேசவில்லை. கொக்கிக் கம்பியை எடுத்து ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மருத்துவமனை அதை மறுத்தது. சிகிச்சை தொடர்கிறது என்றது. சென்னையில் கட்சித் தலைமை அலுவலகத்தில் அரைக்கம்பத்துக்கு இறக்கிய கொடியைத் திரும்ப ஏற்றினார்கள். டிவியிலும் அந்த வரி காணாமல் போனது. ஆனால் அப்பா ஷட்டரை மேலே தூக்கவில்லை. பாதியில் நின்ற அதன் கீழே ஆட்கள் குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள். உப்பு, அரிசி, மெழுகுவர்த்தி, பால் பவுடர். ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். பாதிப் பேர் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். "ஒரு வாரத்துக்குக் கடை, பஸ் எதுவும் இருக்காதாம்ல" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை.

அன்றிரவு 11.30 மணிக்கு அவர் இறந்ததாக நள்ளிரவு தாண்டி மருத்துவமனை அறிவித்தது.

இடைப்பட்ட அந்த ஆறேழு மணி நேரம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. செய்தி வந்ததும் ஷட்டர் இறங்கியது. மறுப்பு வந்தபோது ஏன் ஏறவில்லை? இதைத் தேடித்தான் உளவியல் ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன். செய்தி வருகிறது, அதைக் கேட்டுப் பதறுகிறோம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆட்சி ஆட்டம் காணும் நாட்களில் வரிசை பெரும்பாலும் தலைகீழ். பதற்றம் முந்திக்கொண்டு வந்து மனதில் உட்கார்ந்துவிடுகிறது. பின்னால் வரும் செய்திகளில் தனக்குப் பொருந்துவதை அதுதான் பொறுக்கி எடுக்கிறது.

இதற்கு நான் படித்ததிலேயே அழுத்தமான சான்று நம் நாட்டிலிருந்து வந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதை ஒட்டிப் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் சேகரித்து 1935-ல் வெளியிட்டார். பாட்னாவைப் பெரும்புயல் தாக்கப் போகிறது, சந்திர கிரகணத்தன்று இன்னொரு பூகம்பம் வரும், நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் பாய்ந்து வருகிறது என்று பெரும்பாலானவை வரப்போகும் அழிவைப் பற்றியவை. அவை புழங்கிய இடங்களைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். நில அதிர்வை நன்றாக உணர்ந்தும் பெரிய சேதம் எதையும் கண்ணால் பார்க்காத பகுதிகள் அவை.

தப்பித்தவர்கள் ஏன் தங்களை மேலும் பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? ஆறுதலான கதைகள்தானே கிளம்பியிருக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரைப் பிடித்துக்கொண்டது. அவர் கண்ட விடை இது: அந்த மக்களுக்குள் பயம் இருந்தது, பயப்படுவதற்கான காரணம் கண்ணெதிரே இல்லை. இரண்டும் பொருந்தாமல் உறுத்தும்போது பயத்தைக் கீழே வைப்பதைவிட, பயத்துக்குத் தக்க ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பது மனதுக்கு எளிது. அங்கிருந்து வளர்ந்த மனமுரண்பாட்டுக் கோட்பாட்டை அவர் 1957-ல் வெளியிட்டார். டார்ஜிலிங்கில் நிலச்சரிவு ஏற்பட்டபோது பரவிய வதந்திகளைத் துர்கானந்த் சின்ஹா என்ற ஆய்வாளர் தொகுத்திருந்தார். அங்கே அழிவு கண் முன்னாலேயே கிடந்தது. இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற ரகத்துப் பேச்சு அங்கே கிளம்பவில்லை. பயத்துக்குக் காரணம் ஏற்கெனவே கையில் இருந்தது.

ஆண்டிபட்டிக்கும் சென்னைக்கும் சுமார் 500 கிலோமீட்டர். அதிர்ச்சி எங்கள் தெருவரை வந்து சேர்ந்தது. ஆனால் தெருவில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. மதுரை பஸ் ஓடிக்கொண்டிருந்தது, பூக்கடையில் மல்லி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த "ஒரு வாரத்துக்கு எதுவும் இருக்காதாம்" எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பாட்னாவின் புயல் வந்த அதே இடத்திலிருந்துதான் வந்தது என்று இப்போது நம்புகிறேன். யாரும் திட்டமிட்டுப் பரப்பவில்லை. உள்ளே இருந்த பதற்றம் தனக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டது.

சரி, ஒரு வதந்தி எவ்வளவு பரவும்? கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மேன் என்ற இருவர் 1947-ல் இதற்கு ஒரு சூத்திரம் சொன்னார்கள். விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை, அதைப் பற்றிய தகவல் எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்பதோடு பெருக்க வேண்டும். கூட்டல் அல்ல, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானால் வதந்தியும் பூஜ்ஜியம். அளந்து கணக்குப் போடும் சூத்திரமாக இது எல்லா ஆய்விலும் தேறவில்லை. ஆனாலும் 2016-ஐ இதில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று புரிகிறது. செப்டம்பர் 22-ல் முதல்வர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதிலிருந்து 75 நாட்கள். ஒரு மாநிலத்துக்கு அதைவிட முக்கியமான கேள்வி இல்லை. கையில் கிடைத்தவையோ அவ்வப்போது வந்த சில வரி அறிக்கைகள். ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. அக்டோபரில் வதந்தி பரப்பியதாகப் போலீஸ் வழக்குகள் போட்டது, சிலரைக் கைது செய்தது. கைது அந்தப் பெருக்கலின் இரண்டு எண்களில் எதையுமே தொடவில்லை. முக்கியத்துவம் குறையவில்லை, மங்கலும் விலகவில்லை. 'உள்ளே வேலை பார்க்கும் நர்ஸ் சொன்னது' என்று ஆரம்பிக்கும் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எங்கள் வீட்டுப் போன்களுக்கும் வந்துகொண்டுதான் இருந்தன. ஒரே செய்தி மூன்று குழுக்களில் வந்தால் மூன்று பேர் சாட்சி சொன்னதுபோல இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம், பொய்யாகவே இருந்தாலும், முதல்முறை கேட்பதைவிட உண்மையாகத் தோன்றுகிறது என்பதை 1977-லேயே அமெரிக்காவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இனி அந்த ஷட்டருக்கு வருகிறேன்.

1994-ல் ஹோலின் ஜான்சன், காலீன் சீஃபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை விவரத்தை வெளியிட்டார்கள். ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையைத் துண்டு துண்டான செய்திகளாகப் படிக்கக் கொடுக்கிறார்கள். ஓர் அலமாரி அறையில் எண்ணெய் பெயிண்டும் கேஸ் சிலிண்டர்களும் இருந்ததாக முதலில் வருகிறது. அப்புறம் திருத்தம்: அது தவறு, அந்த அறை காலியாகத்தான் இருந்தது. படித்தவர்கள் திருத்தத்தைக் கவனித்தார்கள், ஞாபகமும் வைத்திருந்தார்கள். ஆனாலும் புகை ஏன் அவ்வளவு கறுப்பாக இருந்தது என்று கேட்டால், பெயிண்ட் எரிந்ததால் என்று பதில் வந்தது. நம் மனம் செய்திகளைத் தனித்தனியாக அடுக்கி வைப்பதில்லை. ஒன்றோடொன்று கோத்து ஒரு கதையாக வைத்துக்கொள்கிறது. நடுவிலிருந்து ஒன்றை உருவிவிட்டால் கதையில் ஓட்டை விழுகிறது. ஓட்டையோடு வாழ்வதைவிடப் பழைய தப்பான துண்டையே திரும்ப எடுத்துச் செருகிக்கொள்கிறோம். அதே சோதனையில், தீ வைக்கப்பட்டதற்கான தடயம் வேறிடத்தில் கிடைத்தது என்று ஒரு மாற்றுக் காரணத்தைச் சேர்த்துச் சொன்னபோது பெயிண்டின் பிடி தளர்ந்தது.

டிசம்பர் 5 அன்று வந்தது வெறும் 'இல்லை'. அப்படியானால் கொடியை ஏன் இறக்கினார்கள், அத்தனை சேனல்கள் எதை நம்பிச் சொன்னார்கள்? அதற்குப் பதில் எதுவும் வரவில்லை. அப்பாவின் மனதில் கதை ஏற்கெனவே முழுதாகக் கோத்து முடிந்திருந்தது. மறுப்பு அதில் நுழையவே இடமில்லை. "இறக்கினத ஏத்துனா இல்லேன்னு ஆயிருமா" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது கொடியை. எனக்குக் கேட்டது செய்தி. இறந்த நேரம் பற்றி 2022-ல் வந்த விசாரணை ஆணைய அறிக்கையும் மருத்துவமனை சொன்னதும் ஒத்துப்போகவில்லை. ஆகவே அந்த ஓட்டை இன்றுவரை அடைபடவில்லை, எங்கள் ஊரில் அந்தப் பேச்சும் ஓயவில்லை.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு பாடம், இந்த முறை வீட்டுக்குள்ளேயே. 2017 பிப்ரவரி 7 இரவு, ராஜினாமா கொடுத்திருந்த முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின் முன்னால் கண்ணை மூடிச் சுமார் 40 நிமிடம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா செய்ய வைத்தார்கள் என்றார். எங்கள் மாவட்டத்துக்காரர். அப்பா அவர் பக்கம். அம்மாவின் தம்பி, என் மாமா, எதிர்ப்பக்கம். ஒரே டிவி, ஒரே சேனல், ஒரே பாய்.

"பாத்தியா மாப்ள, நல்ல மனுசன எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குறாய்ங்க. சேனலே உங்காளுக கையிலதான் இருக்கு."

"போங்க மச்சான். நாப்பது நிமிசம் கேமராவ வேற பக்கம் திருப்பாமக் காட்டுனாய்ங்கள்ல? அது யாருக்காம்?"

இருவரும் மனதார நம்பித்தான் பேசினார்கள். 1985-ல் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் வாலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் 144 மாணவர்களுக்கு 1982-ல் பெய்ரூட்டின் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய டிவி செய்திகளைப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்களும் அரபு ஆதரவாளர்களும் பார்த்தது ஒரே காட்சிகளை. இரு தரப்பும், இது எங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்குத்தான் சாய்வு இன்னும் அதிகமாகத் தெரிந்தது. நியாயம் முழுக்க நம் பக்கம் என்று நம்பும்போது, இரு பக்கத்துக்கும் சரிபாதி நேரம் ஒதுக்குவதே அநியாயமாகப் படுகிறது. அதோடு, நம்மைக் குத்திய சொற்கள்தான் ஞாபகத்தில் தங்குகின்றன. அப்பா எண்ணியது கேள்விகளை, மாமா எண்ணியது நிமிடங்களை.

அடுத்த பத்து நாட்கள் கூவத்தூர். எம்.எல்.ஏ.க்கள் ஒரு விடுதியில் இருக்க, மாநிலமே அதன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 18-ல் எடப்பாடி பழனிசாமி 122 ஓட்டு வாங்கி நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். அதுவரை நான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். இதில் உடம்புக்கும் பங்கு உண்டு. ஸ்டூவர்ட் சொரோக்காவும் அவர் கூட்டாளிகளும் 17 நாடுகளில் 1,156 பேருக்கு நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டையும் காட்டி, தோலின் மின்கடத்தலையும் இதயத் துடிப்பையும் அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். சராசரியாகக் கெட்ட செய்திக்குத்தான் உடம்பு அதிகம் விழித்துக்கொண்டது. ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடும் இருந்தது. இன்னொரு ஆய்வு என்னை உண்மையிலேயே உலுக்கியது. 2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபின் 4,675 பேரிடம் கேட்டு எடுத்த கணக்கு அது. அடுத்த வாரம் முழுக்கத் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளையே பார்த்தவர்கள், குண்டுவெடிப்பை நேரில் எதிர்கொண்டவர்களைவிட அதிக மன அழுத்தத்தைச் சொன்னார்கள். ஏற்கெனவே பதறியவர்கள்தான் அதிகம் பார்த்திருக்கவும் கூடும். எது எதைக் கிளப்பியது என்று இந்த ஒரு ஆய்வால் அறுதியிட முடியாது. கூவத்தூர் நாட்களின் என்னை நினைத்தால் இரண்டுமே மாறி மாறி நடந்ததாகத்தான் தோன்றுகிறது.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் 1984-ஐ எடுத்தார். எம்.ஜி.ஆர். உடல்நலம் கெட்டு அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்த நேரம். தேர்தல் வந்துவிட்டது, அவர் நின்ற தொகுதி எங்கள் ஆண்டிபட்டி. உயிரோடு இல்லை என்று அப்போதும் பேச்சு. மருத்துவமனையில் அவரை எடுத்த படத்தை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். அப்பாவும் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். பக்கத்தில் ஒருவர் "இது பழைய படம்யா" என்று முணுமுணுத்தாராம். திரும்பிப் பார்க்க ஆளில்லை. படம் முடிந்ததும் கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் ஊருக்கு வராமலே ஜெயித்தார். கடை அப்போது தாத்தா கையில். அன்றைக்கு ராத்திரி உப்பு வாங்க, அரிசி வாங்க என்று யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

அப்பா யோசித்துவிட்டு, "வெத்தல பாக்குதான் வித்துச்சு" என்றார்.