நாக்கட்டு: 'டங் டை' என்பதற்கு ஒரு சொல் விளக்கம்

'டங் டை' என்று குழந்தை மருத்துவர் சொன்ன ஒன்றுக்கு, தண்டையார்பேட்டையில் உள்ள என் தங்கை வீட்டில் அன்று மாலைக்குள் மூன்று பெயர்கள் வந்துவிட்டன. தங்கை 'நாக்கு ஒட்டியிருக்காம்' என்றாள். அவள் கணவர் 'நாக்குக் கட்டு' என்றார். அவருடைய ஆயாவோ, 'நரம்ப அறுக்கப் போறாங்களாம், நரம்புல கை வெச்சா புள்ளைக்குப் பேச்சே வராது கண்ணு' என்று கண் கலங்கினார். குழந்தை பிறந்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். ஒட்டியதைப் பிரிக்க வேண்டும், கட்டை அவிழ்க்க வேண்டும், நரம்பைத் தொடவே கூடாது என்று ஒவ்வொரு பெயரும் தன் போக்கில் ஒரு முடிவைச் சொன்னதால், குழந்தையின் வாயைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

நாக்கை மேலே தூக்கினால் அதன் அடிப்பகுதியையும் வாயின் தரையையும் நடுவில் இணைக்கும் மெல்லிய மடிப்பு ஒன்று தெரியும். அது எல்லோருக்கும் உண்டு. கண்ணாடி முன் நின்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். அம்மடிப்பு குட்டையாகவோ தடித்தோ, நாக்கு நுனிக்கு மிக அருகில் பற்றியோ இருந்து, நாக்கு மேலெழவும் முன்னே நீளவும் முடியாதபடி இழுத்துப் பிடிக்கும்போதுதான் அது டங் டை ஆகிறது. இழுப்பு மிகுந்திருந்தால், குழந்தை அழும்போது நாக்கின் நுனி நடுவில் உள்வாங்கி, வெற்றிலையின் காம்புப் பக்கம்போல் இரண்டாகத் தெரியும்.

இதன் மருத்துவப் பெயரான 'அங்கைலோகுளோசியா' கிரேக்க மொழியிலிருந்து வந்தது: 'அங்கைலோஸ்' என்றால் வளைந்தது, 'குளோசா' என்றால் நாக்கு. மடிப்புக்கு மருத்துவர்கள் சொல்லும் 'ஃபிரெனுலம்' இலத்தீன் சொல். 'ஃபிரெனம்' என்பது குதிரையின் கடிவாளம் என்பதால் ஃபிரெனுலம் சிறு கடிவாளம் ஆகிறது. கடிவாளம் இருப்பது குதிரைக்குக் குறையன்று, அதை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பதுதான் துன்பம் என்பதால், இப்பெயரை வைத்தவர்கள் உடலை நன்றாகக் கவனித்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 'ஃபிரெனாட்டமி' என்பது அக்கடிவாளத்தை வெட்டிவிடும் சிறு அறுவை.

ஆயாவின் சொல்லுக்கு வருகிறேன். பழந்தமிழில் யாழில் கட்டிய தந்திக்கும் நரம்பு என்றே பெயர். இன்றும் பேச்சில், புறங்கையில் நீலமாய் ஓடும் இரத்தக் குழாயும், கழுத்தில் புடைக்கும் தசைநாணும், உணர்வைக் கடத்தும் உண்மையான நரம்பும் நரம்பு என்றே சொல்லப்படுகின்றன. ஆகவே நாக்கடியில் நாண்போல் நிற்பதை ஆயா நரம்பு என்றது மொழிப்படி பிழையன்று. மருத்துவமனையில் பணி செய்பவர்களே அவசரத்தில் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அது சளிச்சவ்வும் அதனுள் உள்ள இணைப்புத் திசுவும் சேர்ந்த மடிப்பே தவிர நரம்பன்று. நாக்கின் உணர்வு நரம்புக் கிளைகளும் இரத்தக் குழாய்களும் அதற்கு அருகில் செல்வதால்தான், இதைப் பழகிய கை மட்டுமே செய்ய வேண்டும். நகத்தாலோ பிளேடாலோ வீட்டில் கீறிவிடுவது ஒருபோதும் கூடாது.

'கட்டு' என்ற சொல்லில் உள்ள சிக்கல் வேறு. தமிழில் கட்டு என்றவுடனே அவிழ்ப்பது நினைவுக்கு வந்துவிடுகிறது. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் தேவாலயம் செல்லும் குடும்பங்களுக்கு, மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் 'நாவின் கட்டு' அவிழ்ந்து ஒருவன் செவ்வையாய்ப் பேசிய செய்தி நன்கு தெரியும். அதனால் கட்டு என்று கேட்டவுடன், அவிழ்த்தால்தான் பேச்சு வரும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. பிற்காலத்தில் பேச்சு குழறாமல் இருக்கட்டும் என்று கைக்குழந்தைக்கு முன்கூட்டியே வெட்டுவதற்குப் போதிய சான்று இல்லை. திக்குவாய்க்கும் நாக்கட்டுக்கும் தொடர்பில்லை. பேச்சு வருவதற்காக நாக்கில் தேன் தடவும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரக் கூடாது, ஏனெனில் அது பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரக்கூடும்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? மடிப்பின் தோற்றத்தை வைத்து அன்று. பால் குடிப்பதை வைத்துத்தான். குழந்தை மார்பைக் கவ்வி நழுவவிடுகிறதா, குடிக்கும்போது 'டக் டக்' என்று ஓசை வருகிறதா, தாய்க்குக் காம்பு வெடித்துப் புண்ணாகிறதா, பால் முழுதும் வடியாமல் கட்டிக்கொள்கிறதா, பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் பல, நாக்கட்டு இல்லாத குழந்தைக்கும் வெறுமனே கவ்வும் முறை தவறினாலே வரும் என்பதால், தாய்ப்பால் ஊட்டப் பயிற்சி தருபவரின் உதவிதான் முதலில் வேண்டும். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 302 குழந்தைகள் பங்கேற்ற ஐந்து சோதனைகளை எடைபோட்டு, வெட்டிவிட்டதால் தாயின் காம்பு வலி சிறிது காலத்துக்குக் குறைந்தது என்றும், குழந்தை பால் குடிப்பதில் சீரான முன்னேற்றம் எல்லாச் சோதனைகளிலும் தெரியவில்லை என்றும் கண்டது. பயிற்சிக்குப் பின்னும் வலி தீராமல், எடையும் ஏறாமல், நாக்கின் அசைவு தடைபடுவதும் உறுதியானால், வெட்டிவிடுவது நியாயமான சிகிச்சைதான். மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோலால் சில நொடிகளில் முடிந்துவிடும், பெரும்பாலும் சில துளி இரத்தமே வரும், குழந்தை உடனே பால் குடிக்கலாம். இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி பிறந்தவுடன் போடப்பட்டதா என்பதை மட்டும் முன்னதாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சொற்களைப் பொறுத்தவரை என் பரிந்துரை இது: மடிப்புக்கு 'நாவடிச் சவ்வு', அது நாக்கை இழுத்துப் பிடிக்கும் நிலைக்கு மட்டும் 'நாக்கட்டு', சிகிச்சைக்குச் 'சவ்வு விடுவிப்பு'. சவ்வு என்ற சொல்லை வண்ணாரப்பேட்டைச் சந்தையில் இறைச்சி வாங்குபவர் எவரும் அறிவர், அதனால் அது அச்சம் தராது. 'நரம்பு இல்ல ஆயா, சவ்வு' என்று நான் சொன்னபோது, ஆயா கைகழுவி வந்து, அழுதுகொண்டிருந்த குழந்தையின் தாடையைத் தாங்கி, வெளிச்சத்தில் தாமே நிதானமாகப் பார்த்தார். மறுநாள் செவிலியர் ஒருவர் தங்கையைச் சாய்ந்து அமரவைத்து, குழந்தையின் கீழுதடு காம்பைத் தாண்டி வெளிப்புறம் மடிந்திருக்கும்படி கவ்வவைத்தார். பன்னிரண்டாம் நாளில் 2.8 கிலோவாக இருந்த குழந்தை இருபத்தொன்றாம் நாளில் 3.1 கிலோ இருந்தது, தங்கையின் புண்ணும் ஆறியிருந்தது. இப்போதைக்குச் சவ்வை அப்படியே விட்டுவிடலாம் என்று மருத்துவரும் வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.