அடக்கு மருந்தின்றி நிலைக்கும் சிறுநீரகம்

தாயோ தந்தையோ கொடுத்த சிறுநீரகமாகவே இருந்தாலும், குழந்தையின் உடல் அதை அந்நியமாகத்தான் பார்க்கும். திசு அடையாளங்களில் பாதிதான் பொருந்தும். மீதிப் பாதியைக் கண்டு, எதிர்ப்பு மண்டலத்தின் காவல் செல்களான டி செல்கள் தாக்கும். அதைத் தடுக்க ஆயுள் முழுக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வேண்டும். அவற்றால் தொற்று, சர்க்கரை நோய், புற்றுநோய் அபாயங்கள் கூடும். அப்படியும் நாள்பட்ட நிராகரிப்பில் உறுப்பு மெல்லத் தேய்ந்துபோவதுண்டு.

ஷிம்கே என்ற அரிய மரபணு நோயில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. வளர்ச்சி குன்றும், சிறுநீரகம் செயலிழக்கும், டி செல்களும் குறைந்துவிடும். ஏற்கெனவே மெலிந்த எதிர்ப்பு சக்தியை எப்படி மேலும் அடக்குவது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் எதிர்ப்பு மண்டலத்தையே முதலில் மாற்றினார்கள். எலும்பு மஜ்ஜையில் குடியேறி ரத்தச் செல்களையும் எதிர்ப்புச் செல்களையும் உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பெற்றோரின் ரத்தத்திலிருந்து சேகரித்து, அதிலுள்ள ஆல்ஃபா-பீட்டா வகை டி செல்களையும், பி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்களையும் வடிகட்டி நீக்கிவிட்டு, குழந்தைக்குச் செலுத்தினார்கள். இந்த வடிகட்டல்தான் முறையின் உயிர்நாடி. ஆல்ஃபா-பீட்டா செல்கள் உள்ளே போனால் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும். காமா-டெல்டா வகை டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் விட்டுவைக்கப்படுகின்றன; புதிய மண்டலம் வளரும்வரை அவை தொற்றைச் சமாளிக்கின்றன.

கொடையாளரின் ஸ்டெம் செல்களிலிருந்து பிறக்கும் டி செல்கள் குழந்தையின் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. குழந்தையின் திசுவைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே களையப்படுகின்றன. சில மாதங்கள் கழித்து அதே கொடையாளரின் சிறுநீரகத்தைப் பொருத்தும்போது, அதன் அடையாளங்களும் காவல் செல்களின் அடையாளங்களும் ஒன்றே. தாக்குவதற்கு அங்கே அந்நியம் எதுவும் இல்லை.

2022இல் வெளியான ஆய்வறிக்கையில் மூன்று குழந்தைகள், அவர்களில் இருவர் உடன்பிறந்தவர்கள். மூவருக்கும் அடக்கு மருந்து நிறுத்தப்பட்ட பிறகும் சிறுநீரகம் நன்றாக இயங்கியது. மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் மருந்தே இல்லாமல் என்பது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது.

இதை எல்லாக் குழந்தைகளுக்கும் செய்துவிட முடியாது. புதிய ஸ்டெம் செல்களுக்கு இடம் தர, குழந்தையின் பழைய மஜ்ஜையை ஒழிக்கத் தரும் மருந்துகள் கடுமையானவை. ஷிம்கே குழந்தைகளுக்கு எதிர்ப்பு மண்டலமும் பழுதாக இருப்பதால் அந்த ஆபத்தை ஏற்பதில் நியாயம் உண்டு. சிறுநீரகம் மட்டும் கெட்ட குழந்தைக்கு அந்தக் கணக்கு வேறு.

தொற்றுகளால் நுரையீரல் சிதைந்த எதிர்ப்புக் குறைபாட்டுக் குழந்தைகளுக்கு வரிசையே தலைகீழாகிறது. அந்த நுரையீரலோடு மஜ்ஜை மாற்றத்தின் மருந்துகளைத் தாங்க முடியாது. அதனால் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மருத்துவர்கள் இறந்த கொடையாளரின் நுரையீரலை முதலில் பொருத்தி, அவருடைய மஜ்ஜையை உறையவைத்துப் பாதுகாத்து, குழந்தை தேறிய பிறகு செலுத்துகிறார்கள்.