சோலார் பேனல் வாங்குவதற்கு முன் வீட்டைப் பாருங்கள்

போன ஆடியில் மியன்மாரின் மோன் மாநிலத்தில் தட்டோன் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, சோலார் போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகல, எட்டு மணிக்கெல்லாம் வீடு இருட்டாகுது."

போய்ப் பார்த்தேன். கூரையில் 200 வாட் பேனல், கீழே லாரிக்கு மாட்டுகிற பேட்டரி. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மூடியைத் திறந்தால் தகடுகள் பாதி வெளியே தெரிகின்றன, நடுவில் கிணற்றுத் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறார்கள். அதற்கு பேட்டரித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கிணற்று நீரில் இருக்கிற உப்பு தகட்டைத் தின்றுவிடும்.

வண்டி பேட்டரி இன்ஜினைக் கிளப்புவதற்கு என்று செய்தது, சில நொடி வேகமாகக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப சார்ஜ் ஆகும். அதைப் போய் ராத்திரி முழுக்க வடித்தால் தாங்காது. வீட்டுக்கு, மெதுவாக நெடுநேரம் வடிப்பதற்கென்றே செய்த டீப் சைக்கிள் பேட்டரிதான் சரி, ஆனால் ஈய பேட்டரி என்றால் அதையும் பாதிக்கு மேல் இறக்காதீர்கள்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி (Ah) என்றால் கணக்குக்கு 1200 வாட்-மணி (Wh), நம் கைக்கு வருவது 600தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், விலை கூட என்றாலும் பல வருடம் உழைக்கும்.

சரி, அந்த 600 எங்கே போகிறது? 600 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 300 போயிற்று. 7 வாட் எல்.இ.டி. விளக்கு நாலு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 140. ஆக ஒரு வேளைச் சோறு, இரண்டு ராத்திரி வெளிச்சத்தை விழுங்குகிறது. இந்தக் கணக்கை யாராவது முதலிலேயே உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் பேட்டரிக்குப் போட்ட காசு வீணாகியிருக்காது, எனக்கு மனசு கஷ்டமாகவே இருந்தது.

அப்புறம் மழை. மோன் மாநிலத்துக் கடற்கரைப் பக்கம் வருடத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள். வெயில் காலத்தில் பார்த்த யூனிட்டை வைத்து பேட்டரி வாங்கினால் ஆடியில் மாட்டிக்கொள்வீர்கள், சில நாள் கால்வாசி வந்தாலே பெரிது. பெரியவர் வீட்டில் மதியத்துக்கு மேல் தென்னை மட்டையின் நிழல் வேறு பேனலில் விழுந்தது. ஒரு மூலையில்தானே என்று விடக்கூடாது, செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்று மங்கினால் மற்றவையும் சேர்ந்து இழுபடும்.

பேனலை நிழல் படாத இடத்துக்கு மாற்றி, தெற்குப் பார்த்து 17 பாகை சாய்த்தேன். ஆனால் பெரிய வேலை கூரைக்குக் கீழேதான் நடந்தது. ஓலையை எடுத்துவிட்டுத் தகரம் போட்ட வீடு, பகலில் கொதித்துக்கொண்டிருந்தது, அதனால் இரண்டு ஃபேன் நிற்காமல் ஓடின. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாய் அடித்து, இரண்டு முனையிலும் காற்றுப் போக வழி விட்டோம். 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு பேட்டரியிலிருந்து நேராக ஓடுகிற 25 வாட் டி.சி. ஃபேன் ஒன்று மட்டும் மாட்டினோம். ரைஸ் குக்கர் பரணுக்குப் போய், சோறு திரும்ப விறகடுப்பில்.

இந்த ஆனி மழையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயிலே இல்லை. நாலாம் நாள் காலையில் பெரியவரே கூப்பிட்டு, "ராத்திரி பேத்தி பத்து மணி வரைக்கும் படிச்சுச்சு" என்றார்.