வளவுக்குள் விழும் மழை எங்கே போக வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி என்றால் ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வருடத்துக்கு இங்கே பெய்யும் மழை சுமார் 1200 மில்லிமீற்றர். பெருக்கிப் பார்த்தால் ஒரு பரப்பு வளவுக்குள் வருடத்துக்கு 3 இலட்சம் லீற்றர் தண்ணீர் விழுகிறது. 1000 லீற்றர் தாங்கியில் 300 தாங்கி. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பங்குனி வெயில் வர அதே வளவில் தென்னம்பிள்ளைக்கு மோட்டர் போட்டு இறைக்கத் தொடங்குவோம்.

வீடு கட்டி முடிந்ததும் வெள்ளம் வடிய ஒரு மேசனையும், மரங்களுக்குக் குழாய் போட ஒரு பிளம்பரையும், முற்றத்து விளக்குக்கு ஒரு வயரிங்காரரையும் தனித்தனியே கூப்பிடுகிறோம். மேசன் வெளியேற்றப் பார்க்கிற தண்ணீரும் பிளம்பர் கொண்டுவரப் பார்க்கிற தண்ணீரும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் கிணறு இருக்கிறது.

குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு நமக்கு இல்லை. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஆறு. விழுகிற மழை மண்ணுக்குள் இறங்கி, கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி, கீழே ஊடுருவியிருக்கும் கடல் நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல் நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வித்தியாசம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். நெதர்லாந்தில் கைபன், ஜேர்மனியில் ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் ஒருவரையொருவர் அறியாமல் கண்ட கணக்கு இது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணியும் ஆழத்தில் சவர்த் தண்ணியும் இருப்பதற்கும், கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதற்கும் இதுவே அடிப்படை.

அந்தக் கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மோட்டரை நிறுத்தாமல் ஓடவிட்டு நீர்மட்டத்தை ஒரு அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், கீழிருந்து சவர் 40 அடி வரை ஏறி வரப் பார்க்கும். நிலத்துக்கு நிலம் கல்லின் வெடிப்பு வேறுபடுவதால் அளவு கூடிக் குறையலாம், ஏறும் என்பதில் மாற்றமில்லை. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்தான், கிணறு ஊற நேரம் கிடைத்தது. மோட்டர் களைப்பதில்லை. அதனால் இறைப்பு நேரத்தைப் பிரித்துப் போடுவதும், பெரிய மோட்டரை விடச் சிறிய மோட்டரைத் தெரிவதும் மின்கட்டணத்தை விடப் பெரிய விடயம்.

இப்போது வடிகாலுக்கு வருவோம். மேசனிடம் “அண்ணை, இந்தத் தண்ணி எங்க போகும்?” என்று கேட்டால் அநேகமாக வரும் பதில், “ரோட்டுக்குத்தான் தம்பி.” வீட்டைச் சுற்றிக் கொங்கிறீட், முற்றம் முழுக்க இன்ரலொக் கல், படலையடியில் ஒரு குழாய். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வீட்டுக்கு வெளியே வெள்ளத்தை வாங்கிக்கொள்ள நிலத்துக்கடிக் குழாய் உண்டு. நமது ஒழுங்கைகளில் பெரும்பாலும் அப்படி ஒன்று இல்லை. தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகும், இல்லாவிட்டால் தூர்ந்த வாய்க்காலில் நிற்கும், மிச்சம் கடலுக்குப் போகும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் எத்தனை வீடுகள் நீரில் நின்றன என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த மழையை எந்த வளவும் தனியே விழுங்கியிருக்காது. ஆனால் சாதாரணக் கார்த்திகை மழையையும் ரோட்டில் விடுவது கோடையில் குடிக்கவேண்டிய தண்ணீரை மாரியில் கொட்டுவதுதான்.

சுவரடியில் மட்டும் தண்ணீர் நிற்கக்கூடாது. சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் நிலம் 6 அங்குலமாவது சரியவேண்டும். நல்ல மேசன் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லமாட்டார். தண்ணீர் நிரப்பிய ரியூப்பின் ஒரு நுனியை சுவரோடு ஒருவர் பிடிக்க, மறு நுனியை வேலிவரை கொண்டுபோய், இரண்டு பக்கமும் நீர் எங்கே நிற்கிறதென்று பென்சிலால் கோடு போடுவார். அரை மணித்தியால வேலை. அது செய்யாமல் கல் பதிக்கத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

சரிந்து போன தண்ணீரை வளவுக்குள்ளேயே ஊறவிட உறிஞ்சுகுழி வெட்டுவார்கள். இங்கேதான் கணக்கும் நிலவியலும் இரண்டும் தெரிந்தவர் வேண்டும். 1000 சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் பீலி வழியே 9000 லீற்றருக்கு மேல் வரும். நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி ஆழக் குழி ஒன்றில் கல் நிரப்பினால் இடைவெளியில் பிடிப்பது சுமார் 700 லீற்றர்தான். ஆகவே குழியின் பருமனை விட, அதன் சுவரும் அடியும் எவ்வளவு வேகமாகக் குடிக்கின்றன என்பதே முக்கியம். சோதிப்பது எளிது. குழி வரப்போகும் இடத்தில் ஒரு அடிக் கிடங்கு வெட்டி, தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுபடி நிரப்பி, மட்டம் இறங்கும் நேரத்தை எடுக்கவேண்டும். கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண் குடிக்கும் வேகம் வேறு. கரையோரம் தாழ்ந்த குருநகரிலோ நாவாந்துறையிலோ மாரியில் நிலத்தடி நீர் கிட்டத்தட்ட கால் தட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். அங்கே குழி வெட்டினால் மழைக்கு முதலே அது நிறைந்திருக்கும். அந்த வளவுக்கு ஆழமில்லாத அகன்ற பள்ளமும் உயர்த்திய நடைபாதையும்தான் வழி. இரண்டு இடத்துக்கும் ஒரே படத்தைக் காட்டுபவரிடம் வேலை கொடுக்கவேண்டாம்.

குழி ஆழமாக இருந்தால் நல்லது என்று பலர் கல்லையே உடைத்து இறக்குகிறார்கள். இதைவிடக் கெடுதியான வேலை குடாநாட்டில் வேறில்லை என்றே சொல்வேன். அழுக்கை வடிப்பது மண். கிருமிகள் மண்துணிக்கைகளில் ஒட்டுகின்றன, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன, இதற்கெல்லாம் நேரம் வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு வடிப்பதில்லை, ஓடவிடுகிறது. கல்லைத் துளைத்த குழியிலிருந்து முற்றத்து ஒயிலும் கோழி எச்சமும் நேரே கிணற்றைத் தேடிப் போகும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருந்தால் போதும் என்ற பேச்சும் மண்ணை நினைத்துச் சொன்னது, வெடித்த கல்லில் அந்தத் தூரம் காவலில்லை. நமது கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்குத் தோட்டத்து உரத்தோடு இந்தக் குழிகளும் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறையலாம். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. ஆகவே குழியின் அடிக்கும் கல்லுக்கும் நடுவில் மண் இருக்கட்டும். கூரை நீரும் முற்றத்து நீரும் வேறு வேறு குழிக்குப் போகட்டும். மழை விட்டு இரண்டு மூன்று நாளில் குழி வற்றவேண்டும், ஒரு கிழமை நின்றால் நுளம்பு பெருகி டெங்கு வரலாம்.

அடுத்தது சொட்டு நீர்ப்பாசனம். வேர் இருக்கிற இடத்தில் மட்டும் நனைப்பதால் வாய்க்கால் பாத்தியை விடத் தண்ணீர் மிஞ்சும், இதில் சந்தேகமில்லை. கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்தால், ஆறடி ஆரத்துக்கு வேர் பரப்பிய தென்னைக்கு ஏறத்தாழ 50 லீற்றர் போதும். மணித்தியாலத்துக்கு 4 லீற்றர் விடும் சொட்டி நாலு வைத்தால் மூன்று மணித்தியாலம். ஆனால் போட்ட இரண்டாம் வருடமே பாதிச் சொட்டிகள் அடைத்துவிட்டன என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறோம். கேத்திலுக்குள் படியும் அதே வெள்ளைக் கல்தான் காரணம். மழைநீர் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கிணற்றுக்கு வருகிறது. சொட்டியின் நுனியில் அந்த வாயு வெளியேற, கரைந்த கல்சியம் திரும்பக் கல்லாகிறது. வெயிலில் சூடாகும் குழாயில் இது இன்னும் வேகம். அதனால் வடிகட்டி, குழாயின் கடைசியில் திறந்து கழுவ ஒரு மூடி, கழற்றிப் புளிக்காடியில் ஊறவைக்கக்கூடிய சொட்டி, இந்த மூன்றும் விலைப்பட்டியலில் இருக்கவேண்டும். குழாயைப் பொச்சுமட்டையாலோ சருகாலோ மூடிவிட்டால் சூடும் குறையும், ஈரமும் நிற்கும்.

விளக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 230 வோல்ற்று வயரை ஈர மண்ணுக்குள் ஓட்டுவதை விட 12 வோல்ற்று விளக்குகள் பாதுகாப்பு. ஆனால் மெல்லிய வயரில் அழுத்தம் இறங்கும். 36 வாற்று விளக்குத் தொகுதிக்கு 30 மீற்றர் தூரம் ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தால் வழியிலேயே 2 வோல்ற்றுக்கு மேல் போய்விடும், கடைசி விளக்கு மங்கும். மழைக்கு ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்றால் சுவிட்சில் பிழையில்லை. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் 30 மில்லியம்பியர் வேறுபட்டதும், மிச்சம் மண் வழியாகவோ மனிதன் வழியாகவோ போகிறதென்று கண்டு அது அறுத்துவிடுகிறது. அதை விலக்கி நேரே இணைத்துத் தருகிறேன் என்பவரை வளவுக்குள் விடக்கூடாது. வயர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஒரே கிடங்கில் கிடந்து ஊறுவதால்தான் பாதிப் பிரச்சினை. பிளம்பரும் வயரிங்காரரும் ஒரே நாளில் வளவைப் பார்த்துப் பேசியிருந்தால் அது வராது.

வேலையை ஆடி, ஆவணியில் தொடங்குவது நல்லது. நிலம் காய்ந்திருக்கும், நீர்மட்டம் கீழே இருக்கும், கல் எந்த ஆழத்தில் வருகிறதென்று வெட்டும்போதே தெரியும். எந்தக் குழாய் எவ்வளவு ஆழத்தில், எந்தக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் கீறி வாங்குங்கள், மூடுவதற்கு முன் படமும் எடுத்து வையுங்கள். கூலியில் ஒரு பங்கைக் கார்த்திகை மழை ஒன்று பெய்து வடியும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் அதற்குச் சம்மதிப்பார்.