வகீல் வேறு, வக்கீல் வேறு: அரபுச் சட்ட ஆவணத்தை ஏஐ படிக்கும்போது

போன வருடம் ஷார்ஜாவிலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் ஒரு அரபு ஆவணம். போனில் அதன் தமிழ் மொழிபெயர்ப்பு, ஏதோ இலவசச் செயலி செய்து கொடுத்தது.

“அண்ணே, நான் ஊருக்குப் போற நேரத்துல கடையைப் பார்த்துக்கச் சொல்லி மச்சானுக்கு எழுதிக் கொடுத்தேன். இதுல ‘வழக்கறிஞர் மட்டுமே கையெழுத்திடலாம்’னு இருக்கு. நான் எந்த வக்கீலைத் தேடுறது?”

அரபில் இருந்த சொல் ‘வகீல்’. அதிகாரம் பெற்றவர், முகவர் என்று பொருள். நம்முடைய வக்கீலும் வக்காலத்தும் அந்தச் சொல்லின் வழி வந்தவைதான். ஆனால் அரபு நாட்டு நீதிமன்றத்தில் வாதாடுகிறவர் ‘முஹாமி’. செயலி அரபை முதலில் ஆங்கில ‘அட்டர்னி’ ஆக்கி, அங்கிருந்து தமிழ் வழக்கறிஞரை எடுத்திருக்கும் என்பது என் ஊகம். ஆவணம் சொன்ன வகீல் அவருடைய மச்சானேதான். தம்பி இதற்காக இரண்டு நாள் தூங்கவில்லையாம்.

துபாயில் பல வருடங்களாகச் சட்ட மொழிபெயர்ப்பு என் தொழில். கடந்த இரண்டு வருடமாக, வழக்கறிஞர்களுக்கான ஓர் அரபு ஏஐ கருவியின் பதில்களைச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது. அதனால் இந்தக் கருவிகளை வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. எந்த இடத்தில் வழுக்கும் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் வழுக்கல் எழுத்திலேயே இருக்கிறது. அரபில் குறில் உயிர்களைப் பொதுவாக எழுதுவதில்லை. ‘அக்த்’ என்றால் ஒப்பந்தம், ‘இக்த்’ என்றால் கழுத்தணி. தாளில் இரண்டுக்கும் ஒரே மூன்று எழுத்து. படிக்கிறவர் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்வார். இப்போதைய ஏஐ மாதிரிகளும் (மாடல்கள்) இந்த அளவுக்குப் பெரும்பாலும் சரியாகவே பிரிக்கின்றன. அப்புறம் ஒட்டுகள். நாம் ‘தொழிலாளிக்கும்’ என்று ‘கு’, ‘உம்’ இரண்டையும் பின்னால் ஒட்டுகிறோம். அரபில் அவை முன்னால் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கும். சொல்லைச் சரியாக வெட்டத் தெரியாத தேடுபொறியில் ‘தொழிலாளி’ என்று தேடினால் பாதிச் சட்டம் காணாமல் போகும்.

இதைச் சமாளிக்கப் பொறியாளர்கள் எழுத்துகளைச் ‘சமப்படுத்துவார்கள்’. அலிஃப் என்ற முதல் எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்குவது, கடைசி ‘ய’வின் புள்ளிகளை எடுத்துவிடுவது என்று. தேடலுக்கு இது நல்லதுதான். ஆனால் புள்ளி போனதும் ‘மீது’ என்ற பொருள் தரும் ‘அலா’வும், ‘அலீ’ என்ற ஆளின் பெயரும் ஒன்றாகிவிடும். ஒரு நாள் எங்கள் கருவி ஒரு வழக்கின் தரப்பினரைப் பட்டியலிட்டபோது, இல்லாத ஓர் அலீ பிரதிவாதியாக வந்து உட்கார்ந்திருந்தார். சிரித்தோம். மனுவில் அப்படியே போயிருந்தால் சிரித்திருக்க மாட்டோம்.

எண்கள் இன்னும் மோசம். அரபு எழுத்துமுறை எண்களில் ஐந்து ஒரு சிறு வட்டம், நம் கண்ணுக்குப் பூஜ்யம் மாதிரி. பூஜ்யமோ வெறும் புள்ளி. மங்கிய நகல், அதன் மேல் நீல முத்திரை, அதைப் போனில் சாய்வாக எடுத்த படம் என்று வந்தால், 1500 திர்ஹம் சம்பளத்தின் புள்ளிகள் தூசியோடு தூசியாகக் கரைந்துவிடும். எழுத்து வலமிருந்து இடம், எண் இடமிருந்து வலம் என்பதால் 3/2 என்ற உட்பிரிவு திரையில் 2/3 என்று திரும்பி நிற்பதையும் பார்த்திருக்கிறேன். தொகையையும் தேதியையும் பிரிவு எண்ணையும் மட்டுமாவது மூலத்தாளில் விரல் வைத்துப் பாருங்கள். பத்து எண்தான், ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

இவை எல்லாம் மொழிச் சிக்கல், காலப்போக்கில் தீரும். எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. அரபு ஒரு மொழி, ஆனால் அரபுச் சட்டம் என்று ஒன்று கிடையாது. அரபு லீகில் 22 நாடுகள். எகிப்தின் சிவில் சட்டம் 1949இல் அமலுக்கு வந்தது. அதை வடித்தவர் எகிப்தியச் சட்ட அறிஞர் அப்துர் ரஸ்ஸாக் அஸ்ஸன்ஹூரி. சிரியா அதே ஆண்டு கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டது. இராக்கின் சட்டத்திலும் அவர் கை உண்டு. விளைவு, பல நாட்டுப் பிரிவுகள் வரிக்கு வரி அண்ணன் தம்பி போல இருக்கும், எண் மட்டும் மாறும், சில இடங்களில் ஒரே ஒரு நிபந்தனை மாறும். எகிப்தியத் தீர்ப்புகளும் விளக்கவுரைகளும் இணையத்தில் ஏராளம். அதனால் துபாய் வழக்குக்குக் கேள்வி கேட்டால், நல்ல சட்ட அரபில், கொஞ்சமும் தயங்காமல், கெய்ரோவின் பதில் வரும். படித்தால் சந்தேகமே வராது.

சொற்களும் ஊருக்கு ஊர் மாறும். உச்ச மேல்முறையீட்டு மன்றம் எகிப்தில் ‘நக்ள்’, துபாயிலும் குவைத்திலும் ‘தம்யீஸ்’, துனிசியாவில் ‘தஅகீப்’. சவூதியில் சட்டங்களை ‘கானூன்’ என்று சொல்வதில்லை, ‘நிஸாம்’ என்பார்கள்; அங்கே ‘கானூன்’ என்று தேடினால் கை வெறுமையாகவே திரும்பும். ஆகஸ்ட் மாதம் வளைகுடாவில் ‘அகஸ்தஸ்’, இராக்கில் ‘ஆப்’, துனிசியாவில் ‘ஊத்’, மொராக்கோவில் ‘குஷ்த்’. சவூதி ஆவணம் என்றால் ஹிஜ்ரி தேதியும் சேரும்.

அமீரகத்தில் இருக்கும் நம் ஆட்களை நேரடியாகத் தொடும் ஓர் உதாரணம் சொல்கிறேன். தொழிலாளர் சட்டம் 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் ஆணைச் சட்டம். 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பாக்கிக்காக வழக்குப் போட, அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு என்று அதில் இருந்தது. 2024இல் திருத்தினார்கள்: வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். கால அளவும் மாறியது, எண்ணத் தொடங்கும் நாளும் மாறியது. பழைய சட்ட வரிகளை விழுங்கிய ஏஐ மாதிரி இன்றும் ‘ஓராண்டு’ என்று அடித்துச் சொல்லும். “காலம் கடந்துவிட்டது” என்று செயலி சொன்னதை நம்பி ஊருக்கு டிக்கெட் போட இருந்த ஒருவரை நான் நிறுத்தியிருக்கிறேன்.

அதனால்தான் சட்டத்துக்கென்று கட்டப்படும் கருவிகள் மாதிரியின் ஞாபகத்தை நம்புவதில்லை. முதலில் நாடு, பிறகு தேதி, பிறகு அன்று அமலில் இருந்த பிரிவின் மூல வரி; அதை எடுத்து முன்னால் வைத்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும். அபுதாபியில் 2023இல் வந்த ஜைஸ், சவூதியின் அல்லாம், கத்தாரின் ஃபனார் எல்லாம் அரபை முதன்மையாக வைத்துக் கட்டிய மாதிரிகள். மொழி நன்றாக வருகிறது. ஆனால் சட்ட வேலையில் பாதிக்கு மேல் இந்தப் பிரிவுகளைத் தேதி வாரியாக அடுக்குவதிலேயே போகிறது. இதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

சொல்லைப் பிரித்தறிவதும் வேண்டும். ‘ஃபஸ்க்’ என்பது செல்லுபடியான ஒப்பந்தத்தை முறிப்பது. ‘புத்லான்’ என்றால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. தமிழில் செயலி இரண்டையும் ‘ரத்து’ என்று போட்டுவிடும். (ரத்தும் அரபுச் சொல்தான். அங்கே வழக்கில் ‘ரத்’ என்றால் பதில் மனு. நம் கோர்ட்டுத் தமிழ் இப்படிப் பல இடங்களில் கால் வாரும்.)

துபாயின் நிதி மைய நீதிமன்றங்கள் ஆங்கிலத்தில் நடப்பவை. 2023 டிசம்பரிலேயே அவை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன: ஏஐ உருவாக்கியதை வழக்கில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், முடிந்தவரை சீக்கிரமாக எதிர்த்தரப்புக்கும் நீதிமன்றத்துக்கும் சொல்லிவிடுங்கள் என்று. ஆனால் சாதாரணத் தொழிலாளியின் வழக்கு போவது அங்கே அல்ல, அரபில் நடக்கும் நீதிமன்றத்துக்கு. அபுதாபி 2019இல் தொழிலாளர் வழக்குகளுக்கு இந்தியையும் சேர்த்தது. தமிழ் இல்லை. எனவே செயலியைத் திறக்காதே என்று யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

திறக்கிறவர்கள் இவற்றையாவது செய்யுங்கள். பாஸ்போர்ட் நகல், ஐடி எண் இருக்கும் பக்கத்தை இலவசச் செயலியில் ஏற்றாதீர்கள். கேள்வியில் நாட்டையும் வேலை முடிந்த தேதியையும் எழுதுங்கள். பதிலோடு பிரிவு எண்ணையும் அரபு வரியையும் கேளுங்கள். அதை அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் தளத்தில் ஒப்பிடுங்கள். வேலைக்கான ஆஃபர் லெட்டர் அமீரகத்தில் தமிழிலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் மொழிபெயர்ப்பை உரிமம் பெற்ற ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக நம் பெயர்கள். அரபில் ‘பழ’த்தில் வரும் ‘ப’ ஓசை இல்லை, ‘ழ’ இல்லை. பழனியப்பன் ஒரு அலுவலகத்தில் ‘பலானி’ ஆவார், இன்னொன்றில் ‘பலனியபன்’, முதல் எழுத்து இரண்டிலும் ‘பா’லுவின் ‘ப’. விசாவில் ஒரு எழுத்துக்கூட்டல், ஒப்பந்தத்தில் இன்னொன்று, வழக்குப் பதிவில் மூன்றாவது. எங்கள் கருவி மூன்றையும் மூன்று ஆட்களாகவே எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது பெயரை விட்டுவிட்டு பாஸ்போர்ட் எண்ணில் சேர்க்கிறோம். உங்கள் பெயர் அரபில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். அடுத்த ஆவணத்தில் அதே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.