வயர் இல்லாத சுவிட்சும் குரைக்கும் நாயும்

பாலக்காட்டின் கல்பாத்தித் தேர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் நாய்ப் பொம்மையை எடுத்துக்கொள்வோம். வயிற்றில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச். போட்டால் நடக்கும், குரைக்கும். பெருமூளை வாதத்தால் (செரிப்ரல் பால்சி) விரல்கள் மடங்கியே இருக்கும் குழந்தையால் அதைத் தள்ள முடியாது. அம்மா போட்டுவிடுவார், குழந்தை பார்க்கும். டிவி பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்தக் குழந்தையே ஓட்டும்படி, பொம்மைக்கு வெளியே பெரிய சுவிட்ச் ஒன்றை இணைப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதல் வேலை, பேட்டரியின் தட்டைப் பக்கத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு வில்லை செருகுவது. இருபுறமும் தாமிரம் பூசிய பிசிபி அட்டை (சர்க்யூட் போர்டு செய்யும் அட்டை) வேண்டும், 0.8 மி.மீ. கனத்தில். 1.6 மி.மீ. அட்டை போட்டால் பல பொம்மைகளில் மூடி சேராது. பென்டார்ச் பேட்டரியின் விட்டம் 14.5 மி.மீ. என்பதால் வில்லையை 12 மி.மீ.க்கு வெட்டி, பக்கத்துக்கு ஒரு வயராகச் சால்டர் செய்யுங்கள். வில்லை கரண்டைத் தடுத்து நிற்கும்; இந்த இரு வயர்களையும் சுவிட்ச் சேர்த்தால்தான் பொம்மை ஓடும். ஈயம் விளிம்பைத் தாண்டி வழிந்தால் இரு பக்கமும் ஒன்றாகிவிடும், பொம்மை நிற்கவே நிற்காது. செருகும் முன், இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் மோடில் மல்டிமீட்டரை இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். பீப் கேட்கக் கூடாது. வயர் வெளியே வர மூடியில் அரத்தால் ஒரு பள்ளம் போட்டால் போதும்.

அமுக்கினால் பாடும் பொம்மைகளுக்கு இந்த வில்லை உதவாது. கரண்ட் வந்தாலும் அவை தன் பட்டனை யாராவது அமுக்கக் காத்திருக்கும். அவற்றில் உள்ளிருக்கும் பட்டனின் இரு கால்களிலும் வயரை இணைக்க வேண்டும்.

ஒரே இடத்தில் நிற்கும் பொம்மைக்கு வயரோடு கூடிய சுவிட்சே போதும் என்பது எங்கள் கருத்து. நடக்கும் நாய்க்கும் ஓடும் காருக்கும்தான் வயர் காலில் சுற்றும். அதற்கு 433 மெகாஹெர்ட்ஸ் ரிலே மாட்யூலும் (ரிமோட்டின் ரேடியோ சிக்னல் வந்தால் சுவிட்சைப் போல இணைப்பைச் சேர்க்கும் சின்ன போர்டு) அதன் ரிமோட்டும் தேவை. வாளையார் தாண்டி கோவை காந்திபுரம் போனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். 5 வோல்ட் மாட்யூலாகக் கேளுங்கள். 12 வோல்ட் மாட்யூலுக்கு வேண்டிய பேட்டரியை நாய் முதுகில் சுமக்காது. வில்லையின் இரு வயர்களும் ரிலேயின் காம் (COM, பொது முனை), என்ஓ (NO, ரிலே ஆன் ஆனால் மட்டும் சேரும் முனை) முனைகளுக்குப் போகும். ரிலே ஆன் ஆகி இருக்கும்போது சுமார் 70 மில்லிஆம்பியர் எடுக்கும் என்பதால் பொம்மையின் பேட்டரியைப் பங்கு போடாமல், நான்கு ரீசார்ஜ் செல் போட்ட தனிப் பெட்டி கொடுங்கள். பவர் பேங்க் சரிப்படாது: காத்திருக்கும் நேரத்தில் மாட்யூல் எடுக்கும் கரண்ட் மிகக் குறைவு, பல பவர் பேங்குகள் வேலை முடிந்ததென்று தானே அணைந்துவிடும்.

ரிமோட்டைத் திறந்து, ஒரு பட்டனின் கால்களில் 3.5 மி.மீ. மோனோ சாக்கெட்டை (ஹெட்போன் செருகும் துளை மாதிரி) சால்டர் செய்தால் குழந்தைக்கேற்ற எந்தச் சுவிட்சையும் செருகலாம். இரண்டு பழைய சிடிகளில் அலுமினியத் தாள் ஒட்டி, ஓரத்தில் ஸ்பஞ்ச் துண்டு வைத்தும் சுவிட்ச் செய்யலாம். ஸ்பஞ்ச் மெத்தென்று இருந்தால் கையின் பாரத்திலேயே அமுங்கிக் கிடக்கும். அப்போது ரிமோட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடும்.

மாட்யூல் எந்த மோடில் இருக்கிறது என்பதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமுக்கினால் ஓடி, விட்டால் நிற்கும் மோடில் தொடங்குங்கள். ஒருமுறை அமுக்கினால் ஓடிக்கொண்டே இருக்கும் மோடில் வைத்தால், தன் கைதான் நாயை நடத்துகிறது என்பது குழந்தைக்குப் பிடிபடாது. அழுத்திப் பிடிக்கவே முடியாத குழந்தைக்கு மட்டும் 5 நொடி டைமர் சேர்க்கலாம். ஒரே அறையில் இரண்டு பொம்மைகள் இருந்தால், ஒவ்வொரு மாட்யூலும் தன் ரிமோட்டை மட்டும் கற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருத்தி அமுக்க, இன்னொருத்தியின் நாய் குரைக்கும்.

நாய் திக்கித் திக்கி நடந்தால் மோட்டார்தான் சிக்னலைக் கெடுக்கிறது. மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள். மாட்யூலின் ஆன்டெனா வயர் 17.3 செ.மீ. இருக்கட்டும், இடமில்லை என்று மோட்டாரைச் சுற்றிக் கட்டினால் இரண்டடி தள்ளினாலே சிக்னல் எட்டாது.

சில ரிமோட்டுகளில் நாணய பேட்டரி இருக்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கும். மூடிக்குக் கட்டாயம் ஸ்க்ரூ போடுங்கள். பிளக்கில் செருகி ஓடும் எதையும் இப்படி மாற்றக் கூடாது.

பஞ்சாயத்தின் பட்ஸ் ஸ்கூலுக்கு (அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பள்ளி) கொடுத்தனுப்பும்போது எந்த மோடு, எந்த பேட்டரி, சுவிட்ச் இடமா வலமா என்று பொம்மையின் வயிற்றிலேயே ஒரு சீட்டு ஒட்டுங்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமென்றால் தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி.