14 பேர் வேலை பார்க்கும் பட்டறைக்குச் சட்டமே கிடையாதா?

கோவைப் பக்கம் ஒரு குரோம் பிளேட்டிங் (உலோகப் பொருள்கள் மேல் குரோமியம் பூசும்) பட்டறைக்குப் பாதுகாப்புத் தணிக்கைக்காகப் போயிருந்தேன். மொத்தம் 14 தொழிலாளர்கள். கோப்புகளைக் கேட்டதும் உரிமையாளர் சொன்னார்: "சார், இப்ப 20 பேர் இருந்தாத்தானுங்க ஃபேக்டரி. புதுச் சட்டத்துல நாங்க வரவே மாட்டோமுங்க."

அவர் கேள்விப்பட்டதில் பாதி சரி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், மின்சாரத்தோடு இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. அவர் படிக்காமல் விட்ட வரிதான் முக்கியம். அதே தொகுப்பில், 10 பேர் வேலை செய்யும் எந்தத் தொழிலிடமும் 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் வந்துவிடும். பணியிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது, ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தருவது, விதியில் குறிப்பிடும் வகைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்வது எல்லாமே முதலாளியின் கடமை. உயிருக்கு ஆபத்தான வேலைகள் என்று மத்திய அரசு அறிவிப்பவற்றுக்கு இந்த ஆள் கணக்கே கிடையாது. பழைய விதிகளும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. புதுத் தொகுப்போடு முரண்படாதவை தொடரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

சட்டம் மாறும் காலத்தில் நான் அதிகம் பயப்படுவது இந்தப் பாதித் தகவலுக்குத்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றைவரிச் செய்தியை நம்பிப் பாதுகாப்புச் செலவை நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, கோப்புகளை மூடி வைத்துவிட்டுத் தொட்டிகள் பக்கம் போனேன். குரோமிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாயும்போது வாயுக் குமிழ்கள் மேலே வந்து வெடிக்கும். அவற்றோடு அமிலம் நுண்துளியாகக் காற்றில் ஏறும். அதில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம். தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும், மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டை போடும், நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். அதனால்தான் தொட்டியின் விளிம்பிலேயே புகையை உறிஞ்சி இழுக்கும் அமைப்பு வேண்டும். அங்கே அது இருந்தது, மோட்டாரும் ஓடியது. ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அசையவே இல்லை. குழாயின் உள்ளே படிவு அடைத்திருந்தது. 'எக்ஸாஸ்ட் உண்டா? ஆம்' என்று டிக் அடிக்கும் பட்டியலில் இது சிக்கவே சிக்காது.

தொட்டிக்கு அருகில் நின்ற பெரியவரிடம், மூக்கில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டேன். "எரிச்சல் இருந்துட்டே இருக்குமுங்க சார். அப்பப்ப ரத்தம் வரும். பழகிருச்சுங்க" என்றார். எந்தச் சட்டப் பிரிவு அமலில் இருந்தாலும் அந்த மூக்கு ஒன்றுதான். அதனால் என் தணிக்கை எப்போதும் வேலை நடக்கும் இடத்தில்தான் தொடங்கும். எந்த விதி பொருந்தும் என்று தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

சுற்றுச்சூழல் பக்கமும் இதே குழப்பம்தான். "இப்ப ஜெயில் எல்லாம் இல்லையாமே சார்?" என்று உரிமையாளர் அடுத்து கேட்டார். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் விதிமீறலுக்கு இருந்த சிறைத்தண்டனை 2024 ஏப்ரல் 1 முதல் அபராதமாக மாறியது உண்மை. ஆனால் அந்த அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகும். பட்டறைக்குப் பின்னால், தார்ப்பாய்கூட மூடாத மூட்டைகளில் பிளேட்டிங் ஸ்லட்ஜ், அதாவது பிளேட்டிங்கில் மிஞ்சும் கழிவுச் சேறு, கிடந்தது. அது 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. பொதுவாக 90 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், அனுப்பியதற்குக் கணக்கும் இருக்க வேண்டும். அந்த மூட்டைகள் மேல் தேதியே இல்லை. மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்தேன். பத்தடி தள்ளி ஒரு போர்வெல்.

இப்போதெல்லாம் என் அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுகிறேன். தணிக்கை நாளன்று எந்த விதி அமலில் இருந்தது, அது பழையதா புதியதா, அதை மறுபடி எந்தத் தேதியில் சரிபார்க்க வேண்டும். அரசிதழை நேரடியாகப் பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் சந்தேகத்தை எழுத்தில் கேட்டு, வரும் பதிலைக் கோப்பில் வைக்கச் சொல்கிறேன். சந்தேகம் தீராவிட்டால், இரண்டில் எது கடுமையோ அதைப் பின்பற்றச் சொல்வேன். ஆலோசகருக்குச் செலவு பற்றிக் கவலையில்லை என்று சிலர் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

அந்தப் பட்டறையில் அன்றே தொட்டியை நிறுத்திக் குழாயைச் சுத்தம் செய்ய வைத்தோம். அடுத்த வாரம் 14 பேரையும் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தார். பெரியவருக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை ஏற்கெனவே விழுந்திருந்தது. அவரோடு நின்ற இளைஞருக்குப் புண் மட்டும்தான், இன்னும் ஆறக்கூடிய நிலை. அந்த இளைஞரைத் தொட்டி வேலையிலிருந்து பேக்கிங் பக்கம் மாற்றியிருக்கிறார்கள்.